தரைக்குக் கீழே ஒரு காது

வணக்கம் அம்மா,

முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஒரு சிறுகதை எழுதிக்கொண்டிருக்கிறேன். யாருக்கு யார் துணை என்பதை அரசாங்கமே முடிவு செய்கிற ஒரு நாடு. அங்கே ஒரு பையனும் பெண்ணும் தாங்களாகவே காதலித்துவிடுகிறார்கள். இந்த மாதிரிக் கதைகள் நிறைய வந்துவிட்டன என்று தெரியும். ஆனாலும் எழுத ஆசை. பாதியில் இரண்டு சந்தேகங்கள் வந்து நிற்கின்றன. உயிருக்குப் பயந்து வாழும் இடத்தில் காதலிக்க யாருக்குத் தெம்பு இருக்கும்? என் தோழி படித்துவிட்டு, "வயிறு காய்ந்தவனுக்குக் காதல் வராதுடி" என்றாள். இன்னொன்று, எங்கள் அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்த விதத்தை நினைத்தால், நான் கற்பனை செய்யும் அரசாங்கத்துக்கும் எங்கள் சொந்தக்காரர்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அப்படியென்றால் எதற்கு ஒரு கற்பனை நாடு? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

க., திண்டுக்கல்

அன்புள்ள க.,

நீங்கள் கற்பனை செய்யும் நாடு ஏற்கெனவே இருந்திருக்கிறது. மூன்று வருடம், எட்டு மாதம், இருபது நாள். கம்போடியாவில் பெரியவர்கள் இந்தக் கணக்கை ஒரே மூச்சில் சொல்வார்கள். 1975 ஏப்ரல் 17 அன்று கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் படைகள் தலைநகர் புனோம் பென்னுக்குள் நுழைந்தன. மொத்த நகரத்தையும் காலி செய்து மக்களை வயல்களுக்கு விரட்டினார்கள். 1979 ஜனவரி 7 அன்று வியட்நாம் படை நகரைப் பிடித்தபோது அந்த ஆட்சி முடிந்தது. இடையில் பட்டினி, நோய், கொலை என்று செத்தவர்கள் ஏறத்தாழ 17 லட்சம் பேர் அல்லது அதற்கும் மேல். அன்று அந்த நாட்டின் மக்கள்தொகையே 80 லட்சத்தை ஒட்டித்தான் இருந்தது.

அந்த ஆட்சி தன்னை 'அங்கார்' என்று அழைத்துக்கொண்டது. கெமர் மொழியில் 'அமைப்பு' என்று பொருள். இனி அங்கார்தான் உனக்குத் தாயும் தகப்பனும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். அங்காருக்கு அன்னாசிப் பழம் போல உடம்பெல்லாம் கண் என்று ஒரு வாசகம் ஊருக்கு ஊர் புழங்கியது. கல்யாணம் ஆகாத இளைஞர்களைக் குடும்பத்திலிருந்து பிரித்து, ஆண் தனி, பெண் தனி என்று வேலைப்படைகளாக்கி, கால்வாய் வெட்டவும் அணை கட்டவும் ஊர் ஊராக அனுப்பினார்கள். அந்த வயதில் ஒரு பையனும் ஒரு பெண்ணும் தாங்களாகப் பழகினால் அது 'ஒழுக்கக் குற்றம்'. அதற்காகக் கொல்லப்பட்டவர்கள் உண்டு.

காதலைத் தடை செய்ததோடு அங்கார் நிற்கவில்லை. கல்யாணத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. பத்து ஆண்டுகளில் மக்கள்தொகை ஒன்றரை கோடியிலிருந்து இரண்டு கோடி வரை ஆக வேண்டும் என்பது, கெமர் ரூஜ் தலைவர் 'போல் போட்' போட்ட திட்டம். நெல்லுக்கு ஹெக்டேருக்கு 3 டன் என்று இலக்கு வைத்தது போலத்தான் பிள்ளைகளுக்கும் வைத்தார்கள்.

அந்தக் கல்யாணங்கள் எப்படி நடந்தன என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். உங்கள் கதைக்கு இதுதான் தேவை.

வயலில் வேலை செய்துகொண்டிருப்பவளைக் கூப்பிட்டு, "இன்று சாயங்காலம் உனக்குக் கல்யாணம்" என்பார்கள். மாப்பிள்ளை யார் என்று பல பேருக்குத் தெரியாது. பொதுச் சாப்பாட்டுக் கூடத்திலோ கூட்டம் போடும் இடத்திலோ பெஞ்சுகள். இரண்டு மூன்று ஜோடிகள் இருக்கலாம், நூறு ஜோடிகளைத் தாண்டியும் இருக்கலாம். எல்லோரும் அதே கறுப்பு உடுப்பில். பெயரைப் படித்ததும் எழுந்து கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அங்காரின் பாதையில் நடப்போம், உற்பத்தி இலக்கை எட்டுவோம் என்று உறுதிமொழி. முடிந்தது. பிக்கு இல்லை, இசை இல்லை, அப்பா அம்மா இல்லை. மறுத்தால் 'திருத்தம்' செய்ய அனுப்புவோம் என்பார்கள். அப்படி அனுப்பப்பட்டவர்கள் திரும்பி வராததை எல்லோரும் பார்த்திருந்தார்கள். இருட்டில் முகம் சரியாகத் தெரியாமல், மறுநாள் காலையில் தன் கணவன் எவன் என்று அடையாளம் கண்டுபிடிக்கத் தவித்ததாகச் சொன்ன பெண்கள் உண்டு.

அப்புறம் இரவு. கம்போடிய கிராமத்து வீடுகள் கால் நட்டு உயர்த்திக் கட்டியவை. தரை மூங்கில் அல்லது பலகை, இடுக்கு இடுக்காக இருக்கும். அந்தத் தரைக்குக் கீழே 'ச்லோப்' என்ற உளவாளிப் பையன்கள் வந்து நின்று காது கொடுத்துக் கேட்பார்கள். மேலே இருக்கும் இருவரும் புருஷன் பெண்டாட்டியாக நடந்துகொண்டார்களா என்று பார்த்துத் தகவல் சொல்வதுதான் அவர்கள் வேலை. நடந்துகொள்ளவில்லை என்றால் மறுநாள் விசாரணை, மிரட்டல். சில இடங்களில் இதைவிடக் கொடுமையும் நடந்தது. பிறகு இரண்டு மூன்று இரவு கழித்து இருவரையும் அவரவர் வேலைப்படைக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இப்போது உங்கள் தோழி சொன்னதற்கு வருகிறேன். வயிறு காய்ந்தவனுக்குக் காதல் வராது என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் நம் கதைகளில் வருகிற மாதிரி வராது. அங்கே எப்படி வந்தது என்பதற்கு எனக்குத் தெரிந்து இரண்டு வழிகள்.

முதல் வழிக்குப் பெயர் இருக்கிறது. ஹூட் போபனா. போர் பிரிப்பதற்கு முன்பே லி சித்தா என்பவனோடு அவளுக்குக் காதல். உள்நாட்டுப் போர் அவளைச் சின்னாபின்னமாக்கியது. அவன் பிக்குவாகி, பிறகு கெமர் ரூஜில் சேர்ந்துவிட்டான். 1975இல் வெற்றி பெற்ற படையோடு நகரத்துக்கு வந்தவன் அவளைத் தேடிக் கண்டுபிடித்து மணந்துகொண்டான். ஆனால் சேர்ந்து வாழ விடவில்லை. அவன் தலைநகரில், அவள் கிராமத்தில். இருவரும் கடிதம் எழுதிக்கொண்டார்கள். நகரம் காலியாகி, தபாலும் பணமும் ஒழிக்கப்பட்ட ஒரு நாட்டில் காதல் கடிதம்! அதில் அவள் தன் பெயரைப் போபனா என்று போடவில்லை. 'சேடா' என்று போட்டாள். நம் சீதைதான். கம்போடியர்களின் ராமாயணத்துக்கு 'ரியாம்கேர்' என்று பெயர், அதில் சீதை சேடா ஆகிறாள். கணவனைப் பிரிந்து, பகைவர் நடுவில், ஒருவன் வருவான் என்று காத்திருக்கும் பெண்ணுக்கு அவளுக்குத் தெரிந்த பெயர் அது. நாம் அசோகவனம் என்று படித்ததை அவள் வாழ்ந்துகொண்டே எழுதியிருக்கிறாள். இதை முதன்முதலில் படித்த அன்று எனக்கு வேறெதுவும் ஓடவில்லை.

இருவரும் 1976இல் பிடிபட்டார்கள். எஸ்-21 என்ற சிறைக்குக் கொண்டுபோனார்கள். அது அதற்கு முன் ஒரு பள்ளிக்கூடம். 12,000 பேருக்கும் மேல் அதன் வழியாகச் சாவுக்குப் போனார்கள். போபனாவை மறுபடி மறுபடி வாக்குமூலம் எழுத வைத்தார்கள், தான் ஓர் உளவாளி என்று அவளே எழுதும்வரை. 1977 மார்ச் 18 அன்று கொன்றார்கள். அவளுக்கு வயது 25. கடிதங்கள் இன்று நமக்குக் கிடைப்பதற்குக் காரணம், விசாரித்தவர்கள் அவற்றைக் குற்றத்துக்குச் சான்றாகப் பத்திரமாகக் கோப்பில் வைத்ததுதான். அமெரிக்கப் பத்திரிகையாளர் எலிசபெத் பெக்கர் அந்தக் கோப்பைத் தேடியெடுத்து அவள் கதையை எழுதினார். இயக்குநர் ரித்தி பான் 2006இல் புனோம் பென்னில் தொடங்க உதவிய திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகத்துக்கு அவள் பெயர்தான். போபனா மையம்.

ஒரு அரசாங்கம் ஏன் ஒரு பெண்ணின் கையெழுத்துக்கு இவ்வளவு பயந்தது என்று யோசியுங்கள். அவள் யாரையும் எதிர்த்துக் கிளம்பவில்லை. அங்கார் கொடுக்காத ஒரு பெயரை ஒருவனுக்காக மட்டும் வைத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

இரண்டாவது வழிக்குப் பெயர்கள் கிடையாது. எனக்கு இதுதான் அதிகம் முக்கியம். தரைக்குக் கீழே ஆள் நிற்கிறான். மேலே, அன்று சாயங்காலம் வரை பார்த்தே அறியாத இரண்டு பேர். அவளுக்கு உடம்பெல்லாம் நடுக்கம். அவன் கிசுகிசுக்கிறான், "நான் உன்னைத் தொட மாட்டேன், ஆனால் கேட்டால் நல்லபடியாக இருக்கிறோம் என்று சொல்லிவிடு." இருவரும் பேசிவைத்துக்கொண்டு, கீழே இருப்பவன் நம்பும்படி நடித்திருக்கிறார்கள். இப்படி நடித்துத் தப்பியவர்கள் பின்னாளில் இதைச் சொல்லியிருக்கிறார்கள். எல்லா ஆண்களும் அப்படி இல்லை. பலவந்தம் செய்தவர்கள் உண்டு, பயத்தில் செய்தவர்களும் உண்டு. அந்தப் பயத்தைப் பற்றி ஆண்களும், கெமர் ரூஜ் தலைவர்கள் மீது பின்னாளில் நடந்த வழக்கில், நீதிமன்றத்துக்கு வந்து சாட்சி சொன்னார்கள்.

ஆனால் அந்த நடிப்பை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொருவரும் இன்னொருவரைக் காட்டிக்கொடுக்க வேண்டும் என்றுதான் அங்கார் நாட்டையே அமைத்திருந்தது. பிள்ளை பெற்றோரைக் காட்டிக்கொடுக்க வேண்டும், தோழி தோழியை. அப்படிப்பட்ட இடத்தில், முன்பின் தெரியாத ஒருத்தியைக் காட்டிக்கொடுக்காமல் இருந்துவிட்டான் ஒருவன். அவளும் அவனை. அங்கே காதல் தொடங்கிய இடம் என்று நான் இதைத்தான் சொல்வேன். பார்த்ததும் நெஞ்சு துடிப்பதெல்லாம் அதற்கு முன்னால் எனக்குச் சின்னதாகத் தெரிகிறது. 1979க்குப் பிறகு அந்த ஜோடிகளில் பலர் பிரிந்தார்கள். பலர் பிரியவில்லை. பிள்ளைகளுக்காக இருந்தவர்கள் உண்டு, போக இடமில்லாமல் இருந்தவர்கள் உண்டு. காலப்போக்கில் பிரியம் வந்துவிட்டது என்று சொன்னவர்களும் உண்டு. அந்தப் பிரியத்தைக் காரணம் காட்டி அங்கார் செய்ததை நியாயப்படுத்தவே முடியாது. பிரியம் அவர்களுடையது, அங்காருக்கு அதில் பங்கில்லை.

சரி, உங்கள் அக்கா விஷயம். நீங்கள் கேட்டதையே கெமர் ரூஜ் தலைவர்களின் வழக்கறிஞர்களும் கேட்டார்கள் என்றால் ஆச்சரியப்படுவீர்கள். ஐ.நா. துணையோடு அமைந்த நீதிமன்றத்தில், "கம்போடியாவில் பெரியவர்கள் பார்த்து வைக்கும் கல்யாணம்தானே காலங்காலமாக வழக்கம், அமைப்பும் அதைத்தானே செய்தது" என்கிற ரீதியில் வாதாடினார்கள். நீதிமன்றம் ஏற்கவில்லை. 2018 நவம்பர் 16 அன்று நுவான் சியா, கியூ சம்பான் இருவருக்கும் தீர்ப்பு வந்தபோது, கட்டாயக் கல்யாணமும் அதற்குள் நடந்த பாலியல் வன்முறையும் மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்களில் சேர்ந்தன. நுவான் சியா மேல்முறையீட்டுக்கு இடையிலேயே இறந்துவிட்டார். கியூ சம்பானின் மேல்முறையீடு 2022 செப்டம்பரில் ஏறக்குறைய முழுவதும் தள்ளுபடியானது.

பிழைத்தவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்று உண்டு. "என் அம்மா அங்கே இல்லை." கெமர் கல்யாணத்தில் பெரியவர்கள் மணமக்களின் மணிக்கட்டில் நூல் கட்டி வாழ்த்துவார்கள், முன்னோருக்குப் படையல் வைப்பார்கள். மாப்பிள்ளை பெண்ணின் மேலாடை நுனியைப் பிடித்துக்கொண்டு அவள் பின்னால் நடப்பான். நாகலோக இளவரசியின் பின்னால் போன பிரியா தோங் என்ற இளவரசனின் கதை அது. மணிமேகலையில் சோழனோடு கூடும் நாகநாட்டுப் பெண் பீலிவளை எனக்கு அப்போதெல்லாம் நினைவுக்கு வருவாள். இதெல்லாம் இல்லாமல் கட்டியது கல்யாணமே இல்லை, முன்னோர் நம்மை ஏற்க மாட்டார்கள் என்று அவர்கள் பல வருடம் உள்ளுக்குள் புழுங்கியிருக்கிறார்கள். ஆக, பெரியவர்கள் பார்ப்பது வேறு, அங்கார் கட்டியது வேறு என்பது அவர்களுக்குத் தெளிவாகத் தெரியும்.

இதைச் சொல்லி உங்கள் சொந்தக்காரர்களை விடுவிக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் அக்கா வேண்டாம் என்றாளா? சொன்னபோது என்ன நடந்தது? திட்டிவிட்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, கடைசியில் அடுத்த ஜாதகத்தைப் பார்த்தார்கள் என்றால் அது குடும்பம். அறைக்குள் பூட்டினார்கள், ஆள் வைத்துக் கண்காணித்தார்கள், உயிரோடு விடமாட்டோம் என்றார்கள் என்றால், அந்த வீட்டுத் தரைக்குக் கீழேயும் ஒரு காது முளைத்துவிட்டது. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பட்டப்பகலில் நடந்ததை உங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. சாதி மாறிக் காதலித்ததற்காக ஓர் இளைஞனை வெட்டிக் கொன்ற ஊர் நமக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது.

எதற்குக் கற்பனை நாடு என்று கேட்டீர்கள். நேரே எழுதினால் நம் வீட்டுக்காரர்கள் மூன்றாவது வரியிலேயே புத்தகத்தை மூடிவிடுவார்கள், அதனால்தான். எழுதுங்கள். ஆனால் உங்கள் கதையில் அந்த இருவரும் முதல் பக்கத்திலேயே காதலித்துவிடுவதை மட்டும் மாற்றிப் பாருங்களேன். அரசாங்கமே அவர்களைச் சேர்த்து வைக்கட்டும். முன்பின் தெரியாதவர்கள். மூன்றாம் இரவு. விடிந்தால் இருவரும் வேறு வேறு திசையில் போக வேண்டும். கீழே மண்ணில் ஒருவன் கால் மாற்றி நிற்கும் சத்தம் கேட்கிறது. அவர்கள் ஒருவரையொருவர் இன்னும் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்லை. யார் முதலில் வாய் திறக்கிறார்கள், என்ன பெயர் சொல்லி?

முடித்ததும் எனக்கு அனுப்புங்கள். உங்கள் தோழிக்கும் படிக்கக் கொடுங்கள்.

அன்புடன்.