நீலக் கோட்டில் எந்த பேட்ச்?

கேள்வி: வணக்கம் ஐயா. என் கணவர் மதுரைக்காரர். மேற்படிப்புக்காக அமெரிக்கா வந்தவர், 2009-ல், குடியுரிமை இல்லாதவர்களையும் மொழித் திறமைக்காகச் சேர்த்துக்கொண்ட மாவ்னி திட்டத்தில் ராணுவத்தில் சேர்ந்தார். லாரி டிரைவர் வேலை. 2011 மார்ச்சிலிருந்து ஒரு வருடம் காந்தகார் பக்கம், 10-ஆவது மவுன்டன் டிவிஷனோடு இருந்தார். திரும்பி வந்த பிறகு டெக்சஸுக்கு மாற்றல். 1-ஆவது கேவல்ரி டிவிஷனில் இருந்துதான் 2014-ல் வெளியே வந்தார். வரும் நவம்பர் 11 வெட்டரன்ஸ் டே அணிவகுப்பில் அவரும் நடக்க வேண்டும் என்று எங்களுக்கு ஆசை. இங்கே பழைய கேவல்ரிக்காரர்கள் நிறைய பேர். “கேவல்ரியின் மஞ்சள் பேட்ச்சை வலது கையில் தைத்து விடு, டிடி-214 விடுவிப்புச் சான்றிதழிலேயே கேவல்ரி என்றுதானே இருக்கிறது” என்கிறார்கள். இன்னொரு நண்பர், “லாரி ஓட்டினவனுக்குக் காம்பாட் பேட்ச்சே, அதாவது போருக்குப் போனதைக் காட்டும் பேட்ச்சே கிடையாது” என்கிறார். இவரோ “எதுவும் வேண்டாம், விடு” என்று எழுந்து போய்விடுகிறார். மகனுக்கு ஒன்பது வயது. அப்பாவை யூனிஃபார்மில் பார்த்ததே இல்லை. நீலக் கோட்டை டிரை கிளீன் செய்து வைத்துவிட்டேன். இரண்டு டிவிஷன்களின் துணி பேட்ச்சும் பெட்டியில் இருக்கின்றன. எதைத் தைக்கட்டும்?
— வாசகி, டெக்சஸ்

பதில்: ஊசி நூல் எடுத்திருந்தால் முதலில் அதைக் கீழே வையுங்கள், சகோதரி. அந்த நீலக் கோட்டின் கையில் துணி பேட்ச் எதையுமே தைக்கக் கூடாது, இடது கையிலும் சரி, வலது கையிலும் சரி. நீல யூனிஃபார்ம் வந்தபோதே தோள் பேட்ச்சுக்கு அதில் இடமில்லை என்று ராணுவம் முடிவு செய்துவிட்டது. பதிலுக்கு, அதே பேட்ச்சின் வடிவத்தை இரண்டு அங்குல உயரத்தில் எனாமல் பூசிய உலோக பேட்ஜாகச் செய்து, வலது மார்புப் பாக்கெட்டில் குத்திக்கொள்ளச் சொன்னார்கள். ராணுவ முகாம் கடைகளில் கிடைக்கும். பின்பக்கம் இரண்டு முள்ளும் அதைப் பிடிக்கும் மூடியும் இருக்கும். குத்துவதற்கு முன் பாக்கெட்டின் நடுவை அளவுகோல் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஒருமுறை கோணலாகக் குத்தினால் அந்த ஓட்டை கடைசிவரை கண்ணில் படும். எனக்குத் தெரியும், என் கோட்டில் இருக்கிறது.

எந்த பேட்ஜ் என்பதுதானே உங்கள் கேள்வி. 10-ஆவது மவுன்டன். சந்தேகமே வேண்டாம்.

ஏன் என்று சொல்கிறேன், அணிவகுப்பு நாளில் யாராவது உங்கள் வீட்டுக்காரரை மடக்கிக் கேட்டால் உதவும். அமெரிக்கத் தரைப்படையில் இடது கை “இப்போது நான் யாருடைய ஆள்” என்று சொல்லும். வலது கை “போருக்கு யாரோடு போனேன்” என்று சொல்லும். இடது கையில் இருப்பது மாற்றல் வரும்போதெல்லாம் மாறும். வலது கையில் இருப்பது மாற்றலோடு போகாது. 1918-ல் 81-ஆவது டிவிஷன் காட்டுப்பூனை பேட்ச்சோடு பிரான்ஸில் போய் இறங்கியது. “இவர்களுக்கு மட்டும் என்ன இது?” என்று மற்ற டிவிஷன்கள் முணுமுணுத்தன. கடைசியில் அங்கிருந்த அமெரிக்கப் படைகளின் தலைவர் ஜெனரல் பெர்ஷிங் எல்லோருமே ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார். பழைய போர் யூனிட்டின் பேட்ச்சை வலது கைக்குக் கொண்டுவரும் வழக்கம் இரண்டாம் உலகப் போரின்போது வந்தது. ஒரு யூனிட்டோடு போரில் இருந்துவிட்டு வேறு யூனிட்டுக்கு மாற்றலான ஆள், பழையதை எங்கே வைப்பது? அதற்குத்தான் வலது கை. உங்கள் வீட்டுக்காரர் கதையும் அச்சு அசல் அதுதான்.

இன்றைய விதி ராணுவத்தின் 670-1 என்ற யூனிஃபார்ம் கையேட்டில் இருக்கிறது. அதில் இந்த பேட்ச்சின் அதிகாரப்பூர்வப் பெயரைச் சில வருடங்களுக்கு முன் மாற்றி, இன்னும் நீளமாக்கிவிட்டார்கள். சிப்பாய்கள் வாயில் அன்றும் இன்றும் காம்பாட் பேட்ச்தான். சாரம் இவ்வளவு: அரசு பகைச்சூழல் என்று அறிவித்த இடமும் காலமுமாக இருக்க வேண்டும். அங்கே தரைச் சண்டையில் இறங்கிய அல்லது அந்தச் சண்டைக்குத் துணைநின்ற யூனிட்டில் நீங்கள் இருந்திருக்க வேண்டும். அப்படியானால் எந்த யூனிட்டோடு அனுப்பப்பட்டீர்களோ அதன் பேட்ச் உங்களுக்கு உண்டு. தனியாளாகப் பிடித்து வேறு யூனிட்டோடு சேர்த்து அனுப்பியிருந்தால், சேர்த்த யூனிட்டின் பேட்ச். இத்தனை நாள் இருந்திருக்க வேண்டும் என்ற கணக்கெல்லாம் இல்லை. பல முறை போய்வந்தவர்கள், சம்பாதித்தவற்றில் எது பிடிக்கிறதோ அதைப் போட்டுக்கொள்ளலாம். உங்கள் வீட்டுக்காரர் போனது ஒரே தடவை, ஒரே டிவிஷனோடு. தேர்ந்தெடுக்க வேறு எதுவும் இல்லை.

“துணைநின்ற” என்ற சொல்லைக் கவனியுங்கள். லாரி ஓட்டினவனுக்கு பேட்ச் கிடையாது என்று சொன்ன அந்த நண்பருக்கு இந்த ஒரு சொல் போதும். அவர் பேட்ச்சையும் பேட்ஜையும் போட்டுக் குழப்புகிறார் என்று நினைக்கிறேன். எதிரியோடு நேரடியாக மோதியதற்குக் காலாட்படைக்காரர்களுக்கு ஒரு பேட்ஜ் உண்டு, நீலப் பட்டையில் துப்பாக்கி போட்டது. மற்றப் பிரிவுகளுக்குக் காம்பாட் ஆக்‌ஷன் பேட்ஜ் என்று 2005-ல் கொண்டுவந்தார்கள். அந்த இரண்டுக்கும் ஆளின் பெயர் போட்ட தனி உத்தரவு வேண்டும், இன்ன தேதியில் இன்ன தாக்குதல் என்ற விவரம் வேண்டும். பேட்ச்சுக்கு அது வேண்டாம். சமையல்காரர், கணக்கர், மெக்கானிக், டிரைவர் எல்லோருக்கும் ஒரே பேட்ச்தான். காந்தகார் சாலையில் 2011-ல் லாரி ஓட்டுவது என்றால் என்ன என்று அந்த நண்பருக்கு நான் பாடம் எடுக்கப் போவதில்லை. மண்ணுக்குள் குண்டு புதைக்கிறவன் லாரிக்கு விதிவிலக்குக் கொடுத்ததில்லை, அவ்வளவுதான்.

கேவல்ரிக்காரர்கள் காட்டும் டிடி-214-க்கு வருகிறேன். நான் இருபது வருடம் இந்த ராணுவத்தில் காகிதம் பார்த்தவன். ஆள்களின் ஃபைல், மாற்றல், லீவு, சம்பளம் எல்லாம் என் மேசை வழியாகத்தான் போகும். அந்தத் தாளில் எல்லோரும் தப்பாகப் படிக்கிற இடம் 8ஏ என்ற கட்டம். அங்கே எழுதுவது கடைசியாக வேலை பார்த்த யூனிட். வெளியே வரும்போது கேவல்ரியில் இருந்தார், ஆகவே கேவல்ரி என்று இருக்கிறது. போருக்கு யாரோடு போனார் என்பதற்கும் அந்தக் கட்டத்துக்கும் சம்பந்தமே கிடையாது. கீழே 18-ஆவது கட்டத்தில், குறிப்புகள் பகுதியில், ஆப்கானிஸ்தானில் இருந்த தேதிகள் இருக்கும். அங்கேயும் யூனிட் பெயரை எதிர்பார்க்க வேண்டாம். காம்பாட் பேட்ச் என்ற ஒன்றை டிடி-214-ல் பொதுவாக எழுதுவதே இல்லை.

அப்படியானால் ஆதாரம்? பெட்டியைக் கிளறிப் பாருங்கள். ஆப்கானிஸ்தானுக்கு அனுப்பிய உத்தரவு ஒரு தாள் இருக்கும், அதில் யூனிட் பெயர் தெளிவாக இருக்கும். அங்கே ஏதாவது பதக்கம் கொடுத்திருந்தால் அதன் சான்றிதழும் போதும். எனக்குப் பிடித்தது இஆர்பி என்ற ஒற்றைப் பக்கம். சிப்பாயின் ஜாதகம் என்றே சொல்லலாம். எங்கெங்கே எப்போது, எந்த யூனிட்டில், எந்தப் போர்ப் பகுதியில் எத்தனை மாதம் என்று எல்லாம் சின்னச் சின்ன எழுத்தில் அடைத்திருக்கும். எதுவும் அகப்படவில்லை என்றால் செயின்ட் லூயிஸில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் ஊழியர் பதிவு மையத்துக்கு எஸ்எஃப்-180 படிவம் அனுப்பச் சொல்லுங்கள், ஆன்லைனிலும் கேட்கலாம். கையெழுத்து அவர் போட வேண்டும், நீங்கள் போடக் கூடாது.

நானும் ஒருமுறை மாட்டியிருக்கிறேன். 2006-ல் ஈராக்கில், ஒரு காலை நேரம், எங்களை வரிசையாக நிற்கவைத்து கமாண்டர் ஒவ்வொருவராக வந்தார். அப்போதுதான் வெல்க்ரோ வைத்த புது யூனிஃபார்ம் வந்திருந்தது. கையில் பேட்ச்சை வைத்து உள்ளங்கையால் ஓர் அழுத்து, தோளில் ஒரு தட்டு, கை குலுக்கல், அடுத்த ஆள். எனக்குப் பக்கத்தில் நின்ற பையனுக்குப் பத்தொன்பது வயது. அவர் நகர்ந்ததும் பேட்ச்சைப் பிய்த்துப் பார்த்துவிட்டு மறுபடி ஒட்டினான். அந்தச் சர்ரென்ற சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஊர் திரும்பி எனக்கு மாற்றல் வந்ததும், பழைய பச்சைக் கோட்டைத் தையற்கடையில் கொடுத்தேன். கடைக்காரர் புது யூனிட்டின் பேட்ச்சை இரண்டு கையிலும் தைத்துவிட்டார், ஜோடியாக இருந்தால் அழகு என்று நினைத்திருப்பார் போல. நானும் பார்க்காமல் போட்டுக்கொண்டு போனேன். ஒரு ஃபர்ஸ்ட் சார்ஜென்ட் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, “நீ அவர்களோடு எங்கே போனாய்?” என்று கேட்டார். எங்கேயும் போகவில்லை. ஆள்களின் காகிதம் பார்ப்பதே தொழிலாக வைத்திருந்தவன், என் கோட்டைப் பார்க்கவில்லை. கழிவறையில் நின்று நகவெட்டியால் தையலைப் பிரித்தேன்.

உங்கள் ஊர் நண்பர்களின் பேச்சைக் கேட்டு மஞ்சள் பேட்ச்சை வலது பக்கம் வைத்தால், 2011-ல் ஆப்கானிஸ்தானில் இருந்த உண்மையான கேவல்ரிக்காரர் ஒருவர் அணிவகுப்பில் வந்து, “பக்ராமில் எந்த பட்டாலியன்?” என்று தோளில் கை போடுவார். பதில் இருக்காது. 2013-ல் வந்த பொய்ப் பெருமைச் சட்டத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம். அது குறிப்பிட்ட பதக்கங்களையும் பேட்ஜ்களையும் பொய்யாகச் சொல்லிப் பணமோ ஆதாயமோ பெறுகிறவர்களுக்கு, பேட்ச் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் சட்டம் பிடிக்காது என்பதற்காக அந்தத் தர்மசங்கடம் தேவையா?

மஞ்சள் பேட்ச்சின் மேல் உங்களுக்கு ஆசை இருப்பது புரிகிறது. ராணுவத்திலேயே பெரிய பேட்ச், அழகானதும்கூட. குதிரைத் தலையும் கறுப்புப் பட்டையும் போட்ட அந்த வடிவத்தை 1921-ல் கர்னல் டார்சியும் அவர் மனைவியும் சேர்ந்து அமைத்தார்கள். மஞ்சள் நிறமே அவருடைய குதிரைப்படை மேலங்கியின் உள்துணியிலிருந்து வந்தது என்பார்கள். உங்கள் வீட்டுக்காரரும் அந்த டிவிஷனில் வேலை பார்த்தவர்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. சாதாரண ஜாக்கெட், தொப்பி என்று போகிற நாளில் தாராளமாகப் போடட்டும். அதற்கு 670-1 குறுக்கே வராது.

யூனிஃபார்ம் போட அவருக்கு உரிமை இருக்கிறதா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். போர்க்காலத்தில் பணிசெய்து கௌரவமாக விடுவிக்கப்பட்டவர் தேசிய விடுமுறை அணிவகுப்பு, ராணுவ இறுதிச் சடங்கு, நினைவுக் கூட்டம், கல்யாணம் போன்றவற்றுக்கு அணியலாம். நீலக் கோட் மாதிரியான சடங்கு உடை மட்டும்தான். புள்ளி போட்ட சண்டை உடையில் போகக் கூடாது. கோட்டின் பொத்தான் போட முடிகிறதா என்று இப்போதே பாருங்கள். 2014-ல் தைத்த இடுப்பு அது. பன்னிரண்டு தீபாவளி போயிருக்கிறது.

இனி அவர் சொன்ன “எதுவும் வேண்டாம், விடு”. உங்கள் கடிதத்தில் நான் அதிக நேரம் நின்றது அந்த வரியில்தான். காம்பாட் பேட்ச்சைப் போட்டே ஆக வேண்டும் என்று விதி சொல்லவில்லை. வேண்டாம் என்பவருக்கு வேண்டாம். அவர் வேண்டாம் என்பதற்கு நண்பர்களின் சண்டை காரணமாக இருக்கலாம். மாவ்னியில் வந்தவர்கள் பலருக்கு இன்னொரு கூச்சமும் உண்டு. தமிழ் தெரியும் என்பதும் ஒரு தகுதியாகப் பட்டியலில் இருந்த திட்டம் அது. ‘குடியுரிமைக்காக வந்தவன்தானே’ என்று யாராவது ஒருமுறை சொல்லியிருந்தால் மனதில் நின்றுவிடும். அல்லது அந்த நீல மவுன்டன் பேட்ச்சைப் பார்த்தால், அதே பேட்ச் போட்டிருந்து திரும்பி வராத ஒருவர் முகம் தெரியலாம். எது என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. ஆளில்லாத நேரமாகப் பார்த்துக் கேளுங்கள். மகனை வைத்து மட்டும் கேட்காதீர்கள். பிள்ளை ஆசைப்படுகிறான் என்று சொன்னால் எந்த அப்பாவாலும் மறுக்க முடியாது, அப்படி வாங்கிய சம்மதத்தோடு அவர் இரண்டு மைல் நடக்க வேண்டியிருக்கும்.

சரி என்று சொன்னால் உலோக பேட்ஜை வாங்குங்கள். நீலப் பீப்பாயில் இரண்டு சிவப்புக் கத்திகள் குறுக்காக இருக்கும், மேலே மவுன்டன் என்ற எழுத்து. வேண்டாம் என்றால் வெள்ளைச் சட்டை, கோட், பதக்கங்கள் இருந்தால் அவை, ஒரு வெட்டரன் தொப்பி. அந்த நாளில் சாதாரண உடையில் பதக்கம் அணிவதற்குத் தடை இல்லை. அதுவும் வேண்டாம் என்றால் மூன்று பேரும் சாலையோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து பாருங்கள். மவுன்டன் பேட்ச் போட்ட ஒருவர் நடந்து போகும்போது இவர் எழுந்து நிற்கிறாரா என்று பையன் கவனிப்பான். பெட்டியில் இருக்கும் துணி பேட்ச்சைக் கேட்டால் அவன் கையில் கொடுங்கள், கத்திகள் இரண்டும் ஏன் எக்ஸ் மாதிரி இருக்கின்றன என்று கேட்பான். ரோமன் எண்ணில் பத்து.