6 லட்சம் கடன் வாங்கிப் பொறியியலா, அரசு ஐ.டி.ஐ.யா?

கேள்வி: காரைக்குடி அருகே பள்ளத்தூரில் இருக்கிறோம். கணவர் வாடகை வேன் ஓட்டுகிறார். நான் வீட்டில் தேன்குழல், சீப்புச் சீடை, மணகோலம் செய்து கடைகளுக்குப் போடுகிறேன். இருவர் வருமானமும் சேர்ந்து மாதம் 28,000 வரும். மகன் அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் கணிதப் பிரிவு எடுத்து +2 முடித்திருக்கிறான். மதிப்பெண் சுமார்தான். லீவு நாளில் என் தம்பியோடு வயரிங் வேலைக்குப் போவான். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் அல்லது ஏசி மெக்கானிக் படிக்கிறேன் என்கிறான். என் கொழுந்தனார், "வயர் இழுக்கிறவனுக்கு யார் பொண்ணு கொடுப்பா?" என்கிறார். அவர் கூட்டி வந்த ஒருவர், தனியார் பொறியியல் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் வாங்கித் தருவதாகச் சொன்னார். வருடம் ஒன்றரை லட்சம். 10,000 அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம். கையில் 3.2 லட்சம் டெபாசிட்டும் 12 பவுன் நகையும் இருக்கின்றன. நகை, பத்தாவது படிக்கும் மகளுக்காகச் சேர்த்தது. 6 லட்சம் கல்விக்கடன் வாங்கலாமா, நகையை வைக்கலாமா?

பதில்: நகையில் இருந்து ஆரம்பிக்கிறேன் சகோதரி. அதை வைக்க வேண்டாம். நகைக்கடன் பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் திருப்ப வேண்டிய கடன். நான்கு வருடம் படித்துவிட்டு அப்புறம் வேலை தேடப் போகிற பையனுக்காக அதை வாங்கினால், வருடா வருடம் வட்டியைக் கட்டி மறுபடி மறுபடி அடகு வைத்துக்கொண்டே இருப்பீர்கள். வேன் ஓடாத ஒரு வருடத்தில் வட்டி நின்றுபோனால் ஏல நோட்டீஸ் வரும்.

கல்விக்கடனுக்கு வருவோம். வருடம் ஒன்றரை லட்சம் வீதம் 6 லட்சம், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக் கணக்குப் போடுகிறேன். படிக்கும் காலத்திலும் அதற்கு மேல் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். முதல் வருடப் பணத்துக்கு ஐந்து வருட வட்டி 75,000. அடுத்ததற்கு 60,000, அப்புறம் 45,000, கடைசி வருடத்துக்கு 30,000. ஆக 2.1 லட்சம். தவணை தொடங்கும் அன்று கடன் 8.1 லட்சமாக நிற்கும். அதைப் பத்து வருடத்தில் அடைப்பதென்றால் மாதம் சுமார் 10,700. மொத்தம் கட்டி முடிப்பது 12.8 லட்சத்துக்கு மேல். அப்போது உங்கள் மகனுக்கு 33 வயது. பேருந்து, விடுதி, தேர்வுக் கட்டணம் எதையும் இதில் நான் சேர்க்கவில்லை.

படித்து முடித்ததும் 18,000 சம்பளத்தில் வெளியூரில் ஒரு வேலை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தவணை போக மிச்சம் 7,300. அதில் அறை வாடகையும் சாப்பாடும் முடியாது. கடைசியில் அந்தத் தவணையை நீங்கள் சீடை சுட்டுத்தான் கட்டுவீர்கள்.

வட்டி மானியம் இருக்கிறதே என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான். குடும்ப வருமானம் வருடத்துக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்தால், தவணை தொடங்கும் வரையிலான வட்டிக்கு மத்திய அரசின் மானியம் உண்டு. ஆனால் கல்லூரிக்கு நாக் என்னும் தர அங்கீகாரம் அல்லது அந்தப் பாடப்பிரிவுக்கு என்பிஏ என்னும் தர அங்கீகாரம் இருக்க வேண்டும். நிர்வாக ஒதுக்கீடு என்றாலே பல வங்கிகள் தயங்கும் என்பது தனி. எல்லாம் கூடி வந்து மானியம் கிடைத்தாலும் 6 லட்சத்துக்கு மாதத் தவணை 7,900 வரும். இன்னொன்று: 4 லட்சத்தைத் தாண்டினால் 5 சதவீதம் உங்கள் பங்காகப் போடச் சொல்வார்கள், மூன்றாம் நபர் ஜாமீனும் கேட்கக்கூடும். ஜாமீன் கையெழுத்துப் போட வருவாரா என்று கொழுந்தனாரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். பெண் கொடுப்பது பற்றிய பேச்சு அத்தோடு நின்றுவிடலாம்.

நான் பொறியியலுக்கு எதிரி இல்லை. இந்த விலைக்கு, இந்த வழியில் வேண்டாம் என்கிறேன். சேர்வதானால் அரசு நடத்தும் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் சேரட்டும். வீட்டில் இதுவரை பட்டதாரி இல்லை என்றால் முதல் பட்டதாரி கட்டணச் சலுகை உண்டு. அது கலந்தாய்வில் வருகிறவர்களுக்குத்தான், நிர்வாக ஒதுக்கீட்டுக்குக் கிடையாது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்திருந்தால் கட்டணம் முழுவதையும் அரசே கட்டியிருக்கும். உங்கள் மகன் படித்தது உதவிபெறும் பள்ளி என்பதால் அதில் வர மாட்டான். ஒரே தெருப் பிள்ளைகளில் ஒருவனுக்கு உண்டு, ஒருவனுக்கு இல்லை என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் விதி அப்படித்தான்.

சரி, பையன் கேட்பதைக் கணக்கில் போட்டுப் பார்ப்போம். அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. இலவச பஸ் பாஸ், சைக்கிள், சீருடை எல்லாம் தருகிறார்கள். இதோடு தமிழ்ப் புதல்வன் திட்டம் இருக்கிறது. 2024 ஆகஸ்டில் தொடங்கியது. அரசுப் பள்ளிகளிலோ, உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியிலோ 6 முதல் +2 வரை படித்த பையன்கள் மேற்படிப்பில் சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய். ஐ.டி.ஐ.யும் பாலிடெக்னிக்கும் இதில் சேரும். உங்கள் மகன் ஆறாவதிலிருந்தே தமிழ் வழிதான் என்றால் சான்றிதழை இப்போதே பள்ளியில் வாங்கி வையுங்கள். 750-உம் 1,000-உம் சேர்ந்து இரண்டு வருடத்தில் கிட்டத்தட்ட 40,000 ரூபாய் அவன் கணக்கில் வந்திருக்கும். ஒரு பக்கம் கடன் ஏறுகிறது, இந்தப் பக்கம் கையில் கொஞ்சமாவது சேர்கிறது.

எலக்ட்ரீஷியன், ஏசி மெக்கானிக் இரண்டுமே இரண்டு வருடப் படிப்பு. காரைக்குடியிலேயே அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.க்களை டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து புதுப்பித்து, ரோபோ, கணினியால் இயங்கும் சிஎன்சி இயந்திரம் எல்லாம் வைத்திருக்கிறார்கள். நம் தலைமுறை பார்த்த, ராவுகிற அரமும் ஒரு பழைய லேத்தும் மட்டும் இருந்த ஐ.டி.ஐ.யை மனதில் வைத்துக்கொண்டு முடிவெடுக்க வேண்டாம். நேரில் போய் ஒர்க்‌ஷாப்பைப் பாருங்கள். தனியார் ஐ.டி.ஐ. என்றால், அவன் சேரும் ட்ரேடுக்கு (தொழிற்பிரிவுக்கு) என்சிவிடி என்னும் தேசியத் தொழிற்பயிற்சிக் குழுவின் அங்கீகாரம் உண்டா என்று பார்த்துவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும். அங்கீகாரம் இல்லாத சான்றிதழ் என்றால் ரயில்வேயோ பொதுத்துறையோ விண்ணப்பத்தை ஏற்காமல் போகலாம்.

இங்கே உங்கள் மகனுக்கு யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். +2-இல் கணிதம், இயற்பியல், வேதியியல் படித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். அதாவது ஐ.டி.ஐ.க்குச் செலவழிக்கும் அதே இரண்டு வருடத்தில் எலக்ட்ரிக்கல் டிப்ளமோ கைக்கு வந்துவிடும். அரசு அல்லது அரசு உதவிபெறும் பாலிடெக்னிக் என்றால் வருடக் கட்டணம் சில ஆயிரங்கள்தான். டிப்ளமோ முடித்தவர் விரும்பினால் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். அந்த மாநில அளவிலான சேர்க்கையைப் பல வருடங்கள் நடத்தியதே உங்கள் ஊர் அழகப்ப செட்டியார் அரசு பொறியியல் கல்லூரிதான். ஆக 2 + 3, ஐந்தே வருடத்தில் பி.இ. இப்போது கடன் வாங்கிச் சேர்வதைவிட ஒரே ஒரு வருடம் கூடுதல். நடுவில் நிறுத்திவிட்டு வேலைக்குப் போகவும் வழி இருக்கிறது. ஐ.டி.ஐ. முடித்தாலும் பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டுக்குப் போகலாம். அந்த வழியில் பி.இ. முடிக்க ஏழு வருடம் ஆகும். அது நீளம்தான், மறைக்கவில்லை.

இரண்டில் எது? பையனுக்குக் கணிதம் ஓரளவு வருமென்றால் நான் டிப்ளமோ பக்கம் சாய்வேன். புத்தகத்தைக் கண்டாலே ஓடுகிறவன், டெஸ்டரைப் பிடித்தால் நேரம் போவது தெரியாதவன் என்றால் ஐ.டி.ஐ. பிடிக்காத டிப்ளமோவில் அரியர் வைப்பதைவிடப் பிடித்த ட்ரேடில் நல்ல பெயர் எடுப்பது மேல். இதை அவனோடு லீவில் வேலை பார்த்த உங்கள் தம்பியிடம் கேளுங்கள். அவருக்குத்தான் தெரியும்.

படிப்பு முடிந்ததும் ஒரு வருடம் ஏதாவது நிறுவனத்தில் அப்ரண்டிஸாக (தொழில் பழகுநராக) இருப்பதைக் கட்டாயமாக வைத்துக்கொள்ளுங்கள். 2019-இல் திருத்தப்பட்ட விதிப்படி தகுதிக்கு ஏற்ப மாதம் குறைந்தபட்சம் 5,000 முதல் 9,000 வரை உதவித்தொகை. திருச்சியில் உள்ள மத்திய அரசின் பெல் நிறுவனம், ஐ.டி.ஐ. முடித்தவர்களை அப்ரண்டிஸாக எடுக்கிறது. பெல்லின் ஒரு பிரிவு திருமயத்தில், உங்கள் வீட்டிலிருந்து அதிக தூரமில்லாமல் இருக்கிறது. அறிவிப்பு வரும்போது விட்டுவிடாதீர்கள். அப்ரண்டிஸ் என்பதை ஏதோ எடுபிடி வேலை மாதிரி உங்கள் பக்கத்தில் பேசுவார்கள் என்றால் அதுதான் எனக்கு ஆச்சரியம். பர்மாவிலும் மலாயாவிலும் இருந்த நகரத்தார் கடைகளில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாக (முதல் ஏஜெண்டுக்கு அடுத்தவராக) உயர்ந்து, அப்புறம் சொந்தக் கடை வைத்தவர்கள் எத்தனை பேர்! தொழிலைக் கடையில் கற்றுக்கொள் என்று சிறுவயதிலேயே கப்பலேற்றி அனுப்பிய ஊர் அது.

வேலை உள்ளூரில் இருக்குமா என்ற பயம் உங்களுக்கு இருக்கலாம். கானாடுகாத்தானில் ஒரு தெரு நடந்தால் தெரியும். பழைய வீடுகள் ஒவ்வொன்றாக ஓட்டலாகின்றன. பர்மா தேக்கு உத்தரமும் பளபளக்கும் சுண்ணாம்புப் பூச்சும் உள்ள வீட்டில் ஏசி குழாய் இறக்க, சுவரைக் கண்ட இடத்தில் கொத்துகிற ஆள் உதவ மாட்டார். பூச்சு பெயர்ந்தால் அதைப் பழையபடி பூசும் கொத்தனாரைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. பூச்சையும் மரத்தையும் கெடுக்காமல் வயரிங் மாற்றத் தெரிந்தவரைத்தான் அந்த வீட்டுக்காரர்கள் திரும்பத் திரும்பக் கூப்பிடுவார்கள். கூலியும் அவர் சொல்வதுதான். ஆனால் இந்த வேலைக்கெல்லாம் மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் தகுதிச் சான்று முக்கியம். அது இல்லாதவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அடுத்தவர் லைசென்ஸின் கீழ்தான் வேலை செய்ய வேண்டும். உங்கள் தம்பியிடம் இல்லையென்றால், அனுபவத்தை வைத்து எழுதும் மின்கம்பி உதவியாளர் தகுதிகாண் தேர்வு பற்றி மாவட்டத்தில் உள்ள திறன் பயிற்சி அலுவலகத்தில் அவரும் விசாரிக்கட்டும்.

சிங்கப்பூர், துபாய் என்ற பேச்சு இரண்டு வருடத்தில் வரும். வரட்டும். பதிவு பெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடிய கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் உச்சவரம்பு. லட்சக்கணக்கில் கேட்பவரிடம் போக வேண்டாம். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் முதலில் பதிந்து வைக்கட்டும்.

இனி உங்கள் 3.2 லட்சம். 1 லட்சத்தைத் தொடாமல் தனி டெபாசிட்டாக வையுங்கள். வேன் எஞ்சின் வேலை, ஆஸ்பத்திரி, இதற்கு மட்டும். 60,000 ரூபாயைப் படிப்புச் செலவுக்கு ஒதுக்கலாம், அவ்வளவும் ஆகாது. மீதி 1.6 லட்சத்தை இரண்டு வருட டெபாசிட்டில் போடுங்கள். அவன் முடித்து வரும்போது நல்ல மீட்டர், டிரில்லிங் மெஷின், ஒரு பழைய பைக் வாங்க அதில் பாதி போதும். மற்ற பாதி மகள் படிப்புக்கு. அவளுக்கு 18 வயதுக்குள் கல்யாணப் பேச்சு எடுக்காமல் இருந்தால் அவளும் இதே கணக்கைப் போடலாம், பெண்களுக்கு மேற்படிப்புக்கு மாத உதவி தரும் புதுமைப் பெண் திட்டம் இருக்கிறது.

மகனுக்கு 18 முடிந்ததும் வங்கியில் பிரதமர் சுரக்‌ஷா பீமா விபத்துக் காப்பீட்டில் சேர்த்துவிடுங்கள். வருடம் 20 ரூபாய், காப்பீடு 2 லட்சம். ஏணியில் ஏறுகிற தொழில் அவனுடையது. வேன் ஓட்டும் உங்கள் கணவரிடம் இது இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அந்த 10,000 அட்வான்ஸ் மிச்சம் இருக்கிறது. வகுப்பு தொடங்கும் முன் விலகினால், அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பது தொழில்நுட்பக் கல்லூரிகளை ஒழுங்குபடுத்தும் ஏஐசிடிஇ அமைப்பின் விதி. விலகல் கடிதத்தைக் கல்லூரி முதல்வர் பெயருக்கு எழுதிப் பதிவுத் தபாலில் இந்த வாரமே அனுப்புங்கள், ரசீது நகலையும் வைத்து. ரசீது இல்லை, கூட்டி வந்தவரின் ஜிபே எண்ணுக்குத்தான் போட்டோம் என்றால், அந்த ஸ்கிரீன்ஷாட்டோடு கல்லூரி அலுவலகத்துக்கு நேரில் போய் இந்தப் பணம் உங்களுக்கு வந்ததா என்று கேளுங்கள். வரவில்லை என்று சொன்னால், அடுத்த தவணை கேட்டு அவர் போன் செய்வதற்குள் காவல் நிலையத்தில் ஒரு புகார் கொடுத்துவிடுங்கள்.