கர்ப்ப காலத்தில் கடைவாய்ப் பல் வலி: பிடுங்குவதா, வேர் சிகிச்சையா?

கேள்வி: எனக்கு இது 22ஆவது வாரம். சிங்கப்பூரில், உட்லண்ட்ஸில் இருக்கிறேன். கீழ்த்தாடையில் இடது பக்கக் கடைவாய்ப் பல் இரண்டு வாரமாக வலிக்கிறது. சூடாகக் காப்பி குடித்தால் வலி பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்கிறது. இரவில் சும்மா படுத்திருக்கும்போதே வலித்து எழுப்பிவிடுகிறது. முதலில் பார்த்த பல் மருத்துவர் ஆன்டிபயாட்டிக் கொடுத்து, குழந்தை பிறந்த பிறகு வாருங்கள் என்றார். இன்னொரு பல் மருந்தகத்தில், இன்றே பிடுங்கிவிடலாம், மெடிசேவ் மருத்துவச் சேமிப்பில் கழித்துக்கொள்ளலாம், பிறகு இம்பிளான்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்) வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது பல்லில் கையே வைக்கக் கூடாது என்கிறார் மாமியார். அலுவலகத்தில் ஒருவர், மலேசியாவில் ஜோகூர் பாருவுக்கு அழைத்துப்போகும் ஏஜென்டின் எண்ணைத் தந்திருக்கிறார். நான் பல்லைப் பிடுங்குவதா, உள்ளே கெட்ட நரம்பை எடுத்து அடைக்கும் வேர் சிகிச்சை (ரூட் கெனால்) செய்துகொள்வதா? எக்ஸ்ரேயும் ஊசியும் குழந்தையைப் பாதிக்குமா?

பதில்: பிடுங்குவதா காப்பாற்றுவதா என்பதை உங்கள் பல்லின் நிலைமைதான் முடிவு செய்ய வேண்டும். கர்ப்பத்துக்கும் அந்த முடிவுக்கும் சம்பந்தம் மிகக் குறைவு. கர்ப்பமாக இல்லாத ஒருவருக்கு அந்தப் பல்லைக் காப்பாற்ற முடியும் என்றால், உங்களுக்கும் காப்பாற்ற முடியும். கர்ப்பிணி என்பதற்காகவே நல்ல கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிப் போடுவதை நான் ஏற்றுக்கொள்ளவே மாட்டேன்.

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், சொத்தை பல்லின் நடுவில் இருக்கும் நரம்பு வரை போய்விட்டது போலத் தெரிகிறது. சூடு பட்டால் வலி நீடிப்பதும், இரவில் தானாக வலிப்பதும் அதன் அடையாளங்கள். அந்த நரம்பு இனி தேறாது. மாத்திரையாலும் தேறாது. வலி மட்டும் இருந்து, வீக்கமோ காய்ச்சலோ இல்லாத இந்த மாதிரிப் பல்லுக்கு ஆன்டிபயாட்டிக்கால் பயனே இல்லை. அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையேதான் சொல்கிறது. ஆனாலும் கர்ப்பிணி என்று தெரிந்தவுடன் கையில் ஒரு ஆன்டிபயாட்டிக் பட்டையைத் திணித்து வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் இங்கே இன்னும் ஓயவில்லை. மருத்துவருக்குத் தலைவலி விட்டது. வலியோடு நான்கு மாதம் ஓட்ட வேண்டியவர் நீங்கள்.

பிறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது கேட்க நன்றாக இருக்கும். யோசித்துப் பாருங்கள். பிறந்த பிறகு பத்தியம், தூக்கமில்லாத இரவுகள், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பாலூட்டல். அந்த நேரத்தில் யார் உங்களைப் பல் நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்கார விடப் போகிறார்கள்? அதற்குள் கிருமி வேரின் நுனியைத் தாண்டிவிட்டால் சீழ் கட்டும், முகம் வீங்கும், காய்ச்சல் வரும். வயிற்றுப் பிள்ளைக்குக் கெடுதல் செய்யக்கூடியது அந்தக் காய்ச்சலும் கிருமியும்தான், சிகிச்சை அல்ல. உங்கள் மாமியார் அக்கறையோடுதான் சொல்கிறார். அவரிடம் இதை மட்டும் சொல்லுங்கள்: கை வைக்காமல் விடுவதில்தான் ஆபத்து அதிகம்.

அதோடு, நீங்கள் இப்போது இருப்பது ரொம்ப வசதியான காலம். வாந்தி மயக்கம் ஓய்ந்திருக்கும். வயிறு இன்னும் பெரிதாகவில்லை. வேர் சிகிச்சையை இரண்டு மூன்று முறை வந்து முடித்துக்கொள்ள இதைவிட நல்ல வாரங்கள் கிடைக்காது. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2013லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது: பல் எக்ஸ்ரே, மரத்துப்போகும் ஊசி, பல் எடுத்தல், வேர் சிகிச்சை எதையும் கர்ப்பத்தைக் காரணம் காட்டித் தள்ளிப்போட வேண்டியதில்லை. அமெரிக்காவில் எண்ணூறுக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளை வைத்து நடந்த ஆய்வொன்றிலும், 13 முதல் 21 வாரங்களுக்குள் தேவையான பல் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குக் குறைப்பிரசவமோ வேறு பாதிப்போ கூடவில்லை. நீங்கள் அதை ஒரு வாரம் தாண்டிவிட்டீர்கள் என்று பயப்பட வேண்டாம். அவசரம் என்றால் எந்த மாதத்திலும் செய்யலாம்.

எக்ஸ்ரே பற்றிக் கேட்டீர்கள். ஒரு பல்லுக்கு எடுக்கும் சின்னப் படத்தில் வரும் கதிர்வீச்சு, நாம் சும்மா இருந்தாலே மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் ஒரு நாளில் உடம்பில் படும் அளவை ஒட்டித்தான் இருக்கும். அதுவும் தாடையைக் குறிவைத்து எடுப்பது. வயிற்றுக்குப் போய்ச் சேருவது கணக்கில் வைக்கவே தேவையில்லாத அளவு. ஈயக் கவசம் போடுவதுகூடத் தேவையில்லை என்று அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கம் 2024இல் சொல்லிவிட்டது. மனத்துக்கு நிம்மதியாக இருக்கும் என்றால் கேளுங்கள், போடுவார்கள். எக்ஸ்ரே இல்லாமலே வேர் சிகிச்சை செய்கிறேன் என்று யாராவது சொன்னால் மட்டும் எழுந்து வந்துவிடுங்கள்.

ஊசிக்கு லிடோகெய்ன் போதும். பல காலமாகக் கர்ப்பிணிகளுக்குப் போட்டுவரும் மருந்து அது. ஊசி வேண்டாம், வலியைப் பொறுத்துக்கொள்கிறேன் என்று சிலர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்காருகிறார்கள். வேண்டாம். நாற்காலியில் மல்லாக்கப் படுக்க வைத்தால் கர்ப்பப்பை பெரிய இரத்தக் குழாயை அழுத்தித் தலை சுற்றும். வலது இடுப்புக்குக் கீழே ஒரு சின்னத் தலையணை வைத்து இடப்பக்கம் சற்றுச் சாய்ந்துகொண்டால் சரியாகிவிடும். மறந்துவிட்டால் நீங்களே கேட்டு வாங்குங்கள்.

மாத்திரை விஷயத்தில்தான் நான் உண்மையிலேயே பயப்படுகிறேன். நம் வீடுகளில் மருந்து டப்பாவைத் திறந்தால் போன்ஸ்டான் இருக்கும், போன தடவை ஞானப்பல் எடுத்தபோது தந்த சின்ஃப்ளெக்ஸ் மிச்சம் இருக்கும், கணவரின் முதுகு வலிக்கு வாங்கிய ஆர்காக்சியா இருக்கும், நியூரோஃபென் இருக்கும். இந்த வலி மாத்திரைகள் எதையும் தொடாதீர்கள். 20 வாரத்துக்குப் பிறகு இந்த வகை மாத்திரைகள் குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைத்துவிடக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020இல் எச்சரித்தது. கடைசி மாதங்களில் குழந்தையின் இதயத்தை ஒட்டிய இரத்தக் குழாய் ஒன்றையும் அவை முன்கூட்டியே மூடிவிடக்கூடும். வலிக்குப் பனடால் (பாராசிட்டமால்) போதும்: 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றோ இரண்டோ, ஆறு மணி நேர இடைவெளியில், ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் போகாமல். சளி மாத்திரையிலும் அதே மருந்து கலந்திருக்கும் என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள். மகப்பேறு மருத்துவர் குறைந்த அளவு ஆஸ்பிரின் எழுதிக் கொடுத்திருந்தால் அது வேறு காரணத்துக்காக. பல் சிகிச்சைக்காக நீங்களாக அதை நிறுத்த வேண்டாம்.

சரி, மெடிசேவுக்கு வருவோம். அந்த இரண்டாவது மருந்தகம் சொன்னதை நீங்கள் இன்னொரு முறை படித்துப் பார்க்க வேண்டும். உங்கள் வயதில் மெடிசேவிலிருந்து பல்லுக்குப் பணம் எடுக்க முடிவது அறுவை சிகிச்சைக்கு மட்டும்தான். ஆடுகிற பல்லை, நேராக முளைத்த கடைவாய்ப் பல்லை இடுக்கியால் பிடித்து எடுப்பது அறுவை சிகிச்சை ஆகாது. ஈறைக் கீறி, எலும்பைச் செதுக்கி எடுப்பது போன்றவைதான் அந்தக் கணக்கில் வரும். மெடிசேவில் கழிக்கலாம் என்று முன்கூட்டியே எப்படிச் சொல்ல முடிந்தது? சாதாரணமாக எடுத்துவிட்டு அறுவை சிகிச்சை என்று எழுதும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. இப்படித் தவறாகக் கோரிய மருந்தகங்களை மெடிசேவ், சாஸ் (அரசாங்க மருத்துவ மானியம்) திட்டங்களிலிருந்து சுகாதார அமைச்சு நிறுத்திவைத்த செய்திகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடுவது நீங்கள். போகும் பணம் உங்கள் மருத்துவச் சேமிப்பு. பிரசவத்துக்கு அதே கணக்கிலிருந்துதான் எடுக்கப் போகிறீர்கள். படிவத்தில் என்ன சிகிச்சை என்று எழுதியிருக்கிறது, எத்தனை வெள்ளி என்று படித்துப் பார்க்காமல் போடாதீர்கள்.

பிடுங்கு, இம்பிளான்ட் வை என்ற ஆலோசனை ஏன் இவ்வளவு சுலபமாக வருகிறது? திட்டமே அப்படி இருக்கிறது. பல்லை அறுத்தெடுக்க மெடிசேவ் உண்டு, போன இடத்தில் இம்பிளான்ட் வைக்கவும் உண்டு. இருக்கிற பல்லைக் காப்பாற்றும் வேர் சிகிச்சைக்கு உங்கள் வயதில் மெடிசேவ் கிடையாது. இதைப் பல காலமாகச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. கையில் பணம் இல்லாதவர் எந்தப் பக்கம் சாய்வார் என்று திட்டம் போட்டவர்களுக்குத் தெரியாதா? உங்களிடம் நீலம் அல்லது ஆரஞ்சு நிற சாஸ் அட்டை இருந்தால் வேர் சிகிச்சைக்கு மானியம் உண்டு. முதல் நாளே அட்டையைக் காட்டுங்கள். அட்டை இல்லையென்றால் பலதுறை மருந்தகத்தின் பல் பிரிவு வழியாகப் பரிந்துரை வாங்கிக்கொண்டு அவுட்ராமில் உள்ள தேசியப் பல் மருத்துவ நிலையத்துக்குப் போகலாம். அங்கே மானியக் கட்டணம். ஆனால் காத்திருப்பு நீளம். வரிசையில் நிற்பவர் 22 வாரக் கர்ப்பிணியா என்று அந்த வரிசை பார்ப்பதில்லை. பரிந்துரைக் கடிதத்தில் எத்தனை வாரம், இரவு வலி, அவசரம் என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள்.

இதற்கு நடுவில் ஒரு வழி இருக்கிறது, அதை யாரும் உங்களிடம் சொன்னதாகத் தெரியவில்லை. பல்லைத் திறந்து, கெட்டுப்போன நரம்பை மட்டும் எடுத்துவிட்டு, உள்ளே மருந்து வைத்துத் தற்காலிகமாக அடைக்கலாம். ஒரே நாளில் முடியும். பெரும்பாலும் அன்றிரவே தூங்கிவிடுவீர்கள். அக்கம்பக்கப் பல் மருந்தகத்திலேயே செய்வார்கள். அப்புறம் நிதானமாக அடுத்த வாரங்களில் வேர் சிகிச்சையை முடிக்கலாம். பல்லின் மேல் தொப்பி (கிரவுன்) போடுவதைக் குழந்தை பிறந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். தற்காலிக அடைப்பு என்பது நனைந்த சுவரில் ஒட்டிய காகிதம் மாதிரி. வலி போய்விட்டதே என்று மாதக்கணக்கில் அப்படியே விட்டால் கிருமி மறுபடி இறங்கும், பல்லும் உடையும்.

பிடுங்கத்தான் வேண்டும் என்ற நிலை ஒன்று உண்டு. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஆயிரம் வெள்ளிக்கு மேல் செலவழித்துவிட்டுப் பலர் அழுவது இங்கேதான். வேர்வரை பிளந்த பல். பழைய பெரிய அடைப்பு உள்ள பல்லிலும், தூக்கத்தில் பல்லைக் கடிப்பவர்களுக்கும், ஐஸ் கட்டியோ நண்டு ஓடோ கடித்தவர்களுக்கும் வெடிப்பு வரும். வெடிப்பு பல்லின் மேல்பாகத்தோடு நின்றிருந்தால் வேர் சிகிச்சை செய்து, தொப்பி போட்டுக் காப்பாற்றலாம். ஈறுக்குக் கீழே வேருக்குள் இறங்கிவிட்டால் எந்தக் கைதேர்ந்த மருத்துவராலும் முடியாது. வெடிப்பு பெரும்பாலும் எக்ஸ்ரேயில் தெரியாது. கடித்துவிட்டு வாயைத் திறக்கும்போது சுரீரென்று வலித்தால் சந்தேகப்பட வேண்டும். பல்லைச் சுற்றி மெல்லிய அளவுகோல் கம்பியால் பார்க்கும்போது ஒரே ஒரு இடத்தில் மட்டும் ஆழமாக இறங்கினாலும் அப்படித்தான். உறுதியாகத் தெரிய பல்லைத் திறந்து, பழைய அடைப்பை எடுத்து, உருப்பெருக்கியில் பார்க்க வேண்டும். ஆகவே முழு சிகிச்சைக்கும் முன்பணம் கட்டாதீர்கள். முதலில் திறந்து பாருங்கள், வெடிப்பு எங்கே போகிறது என்று சொல்லுங்கள், பிறகு முடிவு செய்கிறேன் என்று கேளுங்கள். வெடிப்பு வேருக்குள் போயிருந்தால் அன்றே, அதே ஊசியின் மரப்பிலேயே எடுத்துவிடலாம். கர்ப்பிணி பல் எடுத்துக்கொள்வதில் தவறில்லை. வீண் செலவுக்கும் வீண் வலிக்கும் ஆளாகக் கூடாது, அவ்வளவுதான்.

ஜோகூர் ஏஜென்டை விட்டுவிடுங்கள். அங்கே நல்ல பல் மருத்துவர்கள் இருக்கிறார்கள். நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. ஏஜென்ட் ஆள் பிடிப்பது பெரும்பாலும் வேன் கட்டணத்துக்காக அல்ல, மருந்தகம் தரும் கமிஷனுக்காக. சிகிச்சை பெரிதாக ஆக அவருக்குப் பங்கு பெரிதாகும். ஒரு பல்லுக்குப் போனவருக்கு நான்கு தொப்பிகளுக்கு விலை சொல்லி, அன்றே கட்டினால் தள்ளுபடி என்பார்கள். உங்கள் சாஸ் அட்டை அங்கே செல்லாது. அதோடு இது ஒரே நாளில் முடியும் வேலை அல்ல. வெள்ளிக்கிழமை மாலை கடற்பாலத்தில் மணிக்கணக்கில் நெரிசலில் மாட்டிக்கொண்டு, 28 வார வயிற்றோடு, மரத்துப்போன வாயோடு கழிவறை தேடுவதை நினைத்துப் பாருங்கள். இரவு வலி திரும்பினால் யாரைக் கூப்பிடுவீர்கள்?

நாளைக்கே வீட்டுப் பக்கத்து மருந்தகத்துக்கு அழைத்து, 22 வாரம், கீழ்க் கடைவாய்ப் பல், இரவில் வலி எழுப்புகிறது, நரம்பை எடுத்துத் தற்காலிகமாக அடைக்க முடியுமா என்று கேளுங்கள். கர்ப்பிணிகளைப் பார்ப்பதில்லை என்றால் வாதாடாமல் அடுத்த மருந்தகத்துக்கு அழையுங்கள். மகப்பேறு மருத்துவர் கடிதம் வேண்டும் என்றால் கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனையிலோ நீங்கள் பார்க்கும் இடத்திலோ ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முகம் வீங்கிக் காய்ச்சல் வந்தாலோ, வாயைத் திறக்க முடியாவிட்டாலோ, விழுங்கச் சிரமமாக இருந்தாலோ பல் மருந்தகத்தைத் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். நேராக மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். மூச்சு விடக் கஷ்டமாக இருந்தால் 995இல் ஆம்புலன்ஸை அழையுங்கள்.