தொடக்கப் பள்ளியில் பிள்ளைகளின் மனநலத்துக்கு என்ன செய்யலாம்?
மனநல ஆலோசகரை நியமிக்க வசதியில்லாத ஒரு தொடக்கப் பள்ளி என்ன செய்ய முடியும் என்று கேட்டிருக்கிறீர்கள். நிறையவே செய்யலாம்.

ஆறேழு வயதுப் பிள்ளைக்குப் பதற்றமாக இருக்கிறது என்று சொல்லத் தெரியாது, வயிறு வலிக்கிறது என்றுதான் சொல்லும், அதுவும் பெரும்பாலும் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில். அது நடிப்பு இல்லை. பதற்றத்தில் வயிறு உண்மையாகவே வலிக்கும். மருத்துவரிடம் காட்டிய பிறகும் வலி தொடர்ந்தால், திட்டாமல், வகுப்பிலும் விளையாடும் இடத்திலும் என்ன நடக்கிறது என்று பாருங்கள். கழிப்பறைப் பக்கம் யாராவது மிரட்டுவதால் நாள் முழுக்கத் தண்ணீரே குடிக்காத பிள்ளைகள்கூட உண்டு.

அப்புறம், உணர்வுகளுக்குப் பெயர் சொல்லிக் கொடுங்கள். "எனக்குப் பொறாமையா இருக்கு" என்று சொல்லத் தெரிந்துவிட்டால் கையை ஓங்குவது மெல்ல மெல்லக் குறையும். காலையில் வருகைப் பதிவு எடுக்கும்போதே மனசு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள், பேசப் பிடிக்காதவர்கள் ஒரு முகப் படத்தைத் தொட்டுக் காட்டினால் போதும்.

ஆசிரியர்களையும் கவனியுங்கள். சாப்பிடக்கூட நேரமில்லாமல் ஓடுபவரிடம் பொறுமையை எதிர்பார்ப்பது நியாயமே இல்லை. பெற்றோரைக் குறை சொல்வதற்கு மட்டும் கூப்பிடாதீர்கள், நல்லது நடந்த அன்றும் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

தூக்கம், சாப்பாடு, விளையாட்டு மூன்றிலும் மாற்றம் தெரிந்து அது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் குழந்தைகள் மனநல மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள். செத்துப்போகணும் என்று பிள்ளை சொன்னால் அன்றைக்கே.