53.6 பெரிதா, 45.4 பெரிதா?

அன்புள்ள ஐயா,
2009-10 சீசனில் கூடைப்பந்து ஆட்டக்காரர் கைல் கோர்வர் மூன்று புள்ளி ஷாட்டுகளில் (தூரக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிபவை) 53.6 சதவீதம் போட்டார். அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் ஒரு சீசனுக்கான சாதனை அதுதான். ஸ்டெஃபன் கரி பெரிதாகப் பேசப்பட்ட 2015-16ல்கூட 45.4தான். அப்படியிருக்க எல்லோரும் கரியையே தலையில் தூக்கிவைத்து ஆடுவது ஏன்? கணக்கு பொய் சொல்லுமா?
எஸ்.

அன்புள்ள எஸ்.,
கணக்கு பொய் சொல்லவில்லை. நீங்கள் பார்த்தது பாதிக் கணக்கு. கோர்வர் அந்த சீசனில் எறிந்தவை 110, விழுந்தவை 59. கரி எறிந்தவை 886, விழுந்தவை 402.

நூற்றுச் சொச்சம் ஷாட்டில் அதிர்ஷ்டத்துக்கு நிறையவே இடமுண்டு. 40 சதவீதத் திறமை உள்ளவர் 100 எறிந்தால் 35 விழுவதும் சகஜம், 45 விழுவதும் சகஜம். அதற்காகக் கோர்வரைக் குறைத்துச் சொல்லவில்லை. என்னைக் கேட்டால் அவருடைய பெரிய சீசன் 2014-15. அட்லாண்டா அணிக்காக 449 எறிந்து 221 போட்டார். சதவீதம் 49.2தான், ஆனால் சாதனைப் பட்டியலில் இருப்பதைவிட இதைத்தான் நான் நம்புவேன்.

முன்னாள் ஆட்டக்காரர் ஸ்டீவ் கெர்ரைப் பாருங்கள். ஆடிய காலம் முழுக்கச் சேர்த்து 1,599 எறிந்து 726 போட்டார். அதுவும் 45.4 சதவீதம்தான். அதே சதவீதத்தில், அதில் பாதிக்கும் மேல் எண்ணிக்கையைக் கரி ஒரே சீசனில் போட்டுவிட்டார். அப்போது அவருடைய பயிற்சியாளர் யார்? இதே கெர்தான்!

அப்புறம், எல்லா ஷாட்டும் ஒன்றல்ல. கூடையிலிருந்து மூன்று புள்ளிக் கோடு மூலையில் 22 அடி, நடுவில் 23 அடி 9 அங்குலம். மூலையில் ஆளில்லாமல் நின்று பாஸ் வாங்கி எறிவது ஒரு வேலை. ஆளை ஏமாற்றி, பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே பின்வாங்கி, கோட்டுக்கு நாலடி வெளியிலிருந்து எறிவது வேறு வேலை. கரி பாதி மைதானத்தைத் தாண்டியதுமே இரண்டு பேர் அவர்மேல் பாய்கிறார்கள். அதனால் கூடைக்கு அடியில் இன்னொருவருக்குச் சுலபமாக இரண்டு புள்ளி கிடைக்கிறது. அது கரியின் சதவீதத்தில் எங்கும் ஏறாது.

ஆட்டத்தின் நான்கு கால்பகுதிகளில் ஒன்று முடியும் நொடியில் தன் பாதியிலிருந்தே எறியும் ஷாட்டையும் மறக்க வேண்டாம். விழுந்தால் அணிக்கு லாபம், விழாவிட்டால் எறிந்தவருக்குச் சதவீதம் போச்சு. மணி அடிக்கும்வரை பந்தைக் கையிலேயே வைத்திருந்து நழுவியவர்கள் ஏராளம். கடைசியில் 2025-26 சீசனிலிருந்து முதல் மூன்று கால்பகுதிகளில் அப்படித் தவறும் ஷாட்டை அணியின் கணக்கில் சேர்க்கிறார்கள், ஆட்டக்காரரின் கணக்கில் அல்ல. கரி அதற்கு முன்பே தயங்காமல் எறிந்தவர்.