இழுக்கும், ஆனால் தாங்குமா?

கேள்வி: எங்களிடம் நடுத்தர அளவு எஸ்யூவி ஒன்று இருக்கிறது. 2,270 கிலோ வரை இழுக்கும் என்று கையேட்டில் போட்டிருக்கிறது. நாங்கள் பார்த்து வைத்திருக்கும் டிராவல் டிரெய்லர் (வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகும், தங்கும் வசதியுள்ள சக்கர வீடு) 1,800 கிலோ. நானும் மனைவியும், பெரிய பிள்ளைகள் இருவர், ஒரு நாய். "இன்னும் 470 கிலோ மிச்சம் இருக்கிறதே சார், கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள்" என்கிறார் விற்பவர். வாங்கலாமா?

பதில்: கண்ணை மூட வேண்டாம், கொஞ்சம் கணக்குப் போடுவோம். அந்த 1,800 கிலோ என்பது டிரெய்லர் தொழிற்சாலையை விட்டு வெளியே வரும்போது இருக்கும் காலி எடை. தொட்டியில் தண்ணீர் இருக்காது, சிலிண்டரில் கேஸ் இருக்காது, பல கம்பெனிகள் பேட்டரியைக்கூட அதில் சேர்ப்பதில்லை. டீலர் பிறகு மாட்டித் தரும் சாமான்களும் கணக்கில் வராது. ஏட்டுச் சுரைக்காய்தான் அது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ, 150 லிட்டர் தொட்டியை நிரப்பிக்கொண்டு கிளம்பினால் அங்கேயே 150 கிலோ ஏறிவிட்டது. அப்புறம் படுக்கை, பாத்திரம், மடக்கு நாற்காலி, கழிவுநீர்க் குழாய், டூல் பாக்ஸ், 'எதற்கும் இருக்கட்டும்' என்று உள்ளே போகிற நூறு பொருள்கள். காலி எடையோடு ஊர் சுற்றிய டிரெய்லரை நான் பார்த்ததே இல்லை.

ஆகவே காலி எடையை மறந்துவிட்டு, டிரெய்லரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் ஜிவிடபிள்யூஆர் என்று போட்டிருப்பதைப் பாருங்கள். சாமான் ஏற்றிய பிறகு அந்த டிரெய்லர் தாண்டக்கூடாத உச்ச எடை அது. உங்கள் டிரெய்லருக்கு 2,250 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 470 கிலோ மிச்சம் என்றது இப்போது 20 கிலோவாகச் சுருங்கிவிட்டது. சரி, அப்போதும் 2,270-க்குள்தானே என்பீர்கள். ஆனால் அந்த 2,270 எப்படி வந்தது தெரியுமா? எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் சங்கம் வகுத்த ஜே2807 என்று ஒரு சோதனை முறை இருக்கிறது. அமெரிக்காவின் அரிசோனாவில் டேவிஸ் அணைப் பக்கம் சுமார் 18 கிலோமீட்டர் நீளத்துக்கு ஏறும் மேட்டுச் சாலையை வைத்து, கொளுத்தும் வெயிலில், ஏசியும் ஓட, வண்டி குறைந்தபட்ச வேகத்துக்குக் கீழே போகாமல் இழுக்கிறதா என்று பார்ப்பார்கள். நேர்மையான சோதனைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் வண்டிக்குள் ஓட்டுநரும் ஒரு பயணியும் மட்டும், ஆளுக்கு 68 கிலோ என்று கணக்கு. நீங்கள் நான்கு பேர், நாய் வேறு. வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த மொத்த எடைக்கு ஓர் உச்சம் உண்டு என்பதால், வண்டிக்குள் கூடுகிற ஒவ்வொரு கிலோவும் பின்னால் இழுக்கக்கூடியதில் ஒரு கிலோவைக் குறைக்கும்.

இதுவும் போகட்டும். பெரும்பாலும் முதலில் தீர்ந்துபோவது இழுவைத் திறன் அல்ல, தாங்கும் திறன். டிரெய்லரின் முன்பக்கம், அதை வண்டியோடு இணைக்கும் ஹிட்ச் மேல் அழுத்துகிற எடையை டங் வெயிட் என்பார்கள். மாட்டு வண்டி தெரிந்தவர்களுக்கு முன்பாரம் என்றால் சட்டென்று புரியும், அதனால் நான் அப்படியே சொல்கிறேன். ஏற்றி முடித்த டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் முன்பாரமாக இருக்க வேண்டும். (ஐரோப்பிய கேரவன்களுக்கு இதைவிடக் குறைவாகச் சொல்வார்கள். அங்கே இழுக்கும் வேகம் குறைவு, அமைப்பும் வேறு. இரண்டு கணக்கையும் கலக்காதீர்கள்.) 2,250-க்கு 13 சதவீதம் என்றால் ஏறக்குறைய 290 கிலோ. இந்த 290-ஐயும் சுமப்பது உங்கள் எஸ்யூவிதான், பின் சீட்டில் மூன்று நான்கு பேர் கூடுதலாக உட்கார்ந்த மாதிரி.

ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை கிலோவைத் தாண்டக் கூடாது என்று. அதுதான் பேலோடு. உங்கள் வண்டிக்கு 560 கிலோ என்று வையுங்கள். பெரியவர்கள் இருவர் 150, பிள்ளைகள் 90, நாய் 25, ஹிட்ச் 35, டிக்கியில் 40. மொத்தம் 340 போக மீதி 220. வரப்போவதோ 290. அதோடு முடியவில்லை, ஹிட்சுக்கு அடியிலும் தகடு இருக்கும், குனிந்து பாருங்கள். 2,270 கிலோ இழுக்கும் எஸ்யூவிகள் பலவற்றில் முன்பார உச்சம் 227 கிலோ, அதாவது வெறும் பத்து சதவீதம். எஞ்சினைப் பற்றிப் பேசவே ஆரம்பிக்கவில்லை, அதற்குள் இரண்டு இடத்தில் தோற்றாயிற்று.

இதையே திருப்பிப் போட்டால் உங்களுக்கு வேண்டிய விடை வரும். மீதி 220 கிலோவை 0.13-ஆல் வகுத்தால் சுமார் 1,690. ஏற்றி முடித்த எடை 1,700-க்குள் அடங்குகிற டிரெய்லரைத் தேடுங்கள், காலி எடை 1,300-ஐ ஒட்டி வரும். கதவு ஸ்டிக்கரில் உண்மையில் என்ன இருக்கிறதோ அதை வைத்து இந்தக் கணக்கை நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள். 1,800 கிலோ டிரெய்லர்தான் வேண்டும் என்றால் வண்டியை மாற்ற வேண்டும்.

கேள்வி: வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் மாட்டினால் இந்தப் பிரச்சினையெல்லாம் தீர்ந்துவிடும் என்கிறார்களே?

பதில்: பாதி உண்மை. அது ஒரு நெம்புகோல். முன்பாரம் ஏறியதும் வண்டியின் பின்பக்கம் தாழ்ந்து முன்பக்கம் தூக்கும், ஸ்டீயரிங் லேசாகும், ஹெட்லைட் மரக்கிளையைப் பார்க்கும். இந்த ஹிட்சின் இரும்புக் கம்பிகள் பின் அச்சில் விழுந்த பாரத்தில் ஒரு பகுதியை முன் அச்சுக்கும் டிரெய்லர் அச்சுக்கும் தள்ளிவிடுகின்றன. வண்டி மறுபடி சமமாக நிற்கும், ஓட்டவும் நன்றாக இருக்கும். ஆனால் கதவு ஸ்டிக்கரில் இருக்கும் எண் ஒரு கிலோ கூட ஏறாது. ஹிட்சின் சொந்த எடையே 30, 40 கிலோ வரும், அதையும் பேலோடில் கழிக்க வேண்டும். சில வண்டிகளின் கையேட்டில் இதை மாட்டவே கூடாது என்று இருக்கும், வாங்கும் முன் படித்துவிடுங்கள்.

கேள்வி: முன்பாரம்தான் தொல்லை என்றால், கனமான சாமான்களை டிரெய்லரின் பின்பக்கம் வைத்துவிட்டால் போகிறது. சரிதானே?

பதில்: ஐயோ, வேண்டவே வேண்டாம். இந்தக் காரியத்தை நானே செய்திருக்கிறேன். இரண்டு சைக்கிளையும் ஜெனரேட்டரையும் பின் பம்பரில் கட்டிக்கொண்டு கிளம்பினேன், முன்பக்கம் லேசாக இருக்கிறதே என்று மகிழ்ச்சி வேறு. இறக்கத்தில் வேகம் கூடியதும், பக்கத்தில் ஒரு லாரி கடந்து போன காற்றில், டிரெய்லர் இடமும் வலமும் ஆட ஆரம்பித்தது. ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிது. பின்பாரம் வைத்த டிரெய்லர் அப்படித்தான் செய்யும், வாலே நாயை ஆட்டும்.

அந்த நேரத்தில் கால் தானாக பிரேக்குக்குப் போகும். போக விடாதீர்கள். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்சிலரேட்டரை மெல்ல விடுங்கள், பிரேக் கன்ட்ரோலரில் (ஓட்டுநர் பக்கத்தில் இருந்தபடி டிரெய்லர் பிரேக்கை இயக்கும் கருவி) இருக்கும் கைப்பிடியை அழுத்தி டிரெய்லர் பிரேக்கை மட்டும் போடுங்கள். அது வண்டியைப் பின்னால் இழுத்து நேராக்கும். எனக்கு அன்று பாடத்தோடு போயிற்று. கனமான சாமான் டிரெய்லர் அச்சுக்கு மேலேயோ சற்று முன்னாலோ, தரையோடு தரையாக இருக்கட்டும். தண்ணீர்த் தொட்டி எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் பாருங்கள், சில டிரெய்லர்களில் அது நிரம்பும்போது முன்பாரம் ஏறும், சிலவற்றில் இறங்கும்.

கேள்வி: டீசல் பிக்கப் வாங்கிவிட்டால் கவலை இல்லைதானே?

பதில்: இழுவையைப் பற்றிக் கவலை இல்லை. ஆனால் டீசல் எஞ்சின் கனமானது, அதனால் அதே பிக்கப்பின் பெட்ரோல் மாடலைவிடப் பேலோடு குறைவாகவே இருக்கும். மேல் ரக மாடல் என்றால் பெரிய கண்ணாடிக் கூரை, மின் சீட்டு என்று இன்னும் குறையும். விளம்பரத்தில் வரும் எண் அந்த வரிசையிலேயே மிக எளிய மாடலுடையது. டர்போ இருப்பதால் உயரமான மலையில் மூச்சு வாங்காது, அது உண்மையான லாபம். டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 300 மீட்டர் ஏற்றத்துக்கும் சுமார் 3 சதவீதம் சக்தியை இழக்கும்.

கேள்வி: எலக்ட்ரிக் எஸ்யூவி?

பதில்: இழுக்கும், நன்றாகவே இழுக்கும். சார்ஜ்தான் பாதித் தூரத்தில் தீரும். அதற்குக் காரணம் எடையைவிட டிரெய்லரின் சப்பை முகத்தில் மோதும் காற்று. நிறைய சார்ஜிங் இடங்களில் டிரெய்லரைக் கழற்றி வைத்தால்தான் வண்டியை உள்ளே விடவே முடியும்.

கேள்வி: ஏற்கனவே டிரெய்லர் வாங்கிவிட்டேன். உண்மையான எடையை எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: ஒரு பயணத்துக்கு என்னவெல்லாம் ஏற்றுவீர்களோ அத்தனையும் ஏற்றி, ஆட்களோடு, லாரிகள் எடை போடும் எடை மேடைக்குப் போங்கள். முதலில் டிரெய்லரைக் கழற்றிவிட்டு வண்டியை மட்டும் நிறுத்தி எடை எடுங்கள். அப்புறம் மாட்டிக்கொண்டு, வண்டியின் சக்கரங்கள் ஒரு பலகையிலும் டிரெய்லரின் சக்கரங்கள் இன்னொன்றிலும் நிற்கிற மாதிரி நிறுத்துங்கள். வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் கம்பி இருந்தால் இப்போதைக்குத் தளர்த்தியே இருக்கட்டும். மாட்டிய பிறகு வண்டியின் எடை எவ்வளவு கூடியதோ அதுதான் முன்பாரம். அதோடு டிரெய்லர் சக்கரங்களின் எடையைக் கூட்டினால் டிரெய்லரின் மொத்த எடை. முன்பாரத்தை மொத்தத்தால் வகுத்துச் சதவீதம் பாருங்கள். பத்துக்குக் கீழே இருந்தால் சாமானை முன்னுக்கு நகர்த்துங்கள், கதவு ஸ்டிக்கரைத் தாண்டியிருந்தால் எதை வீட்டில் விட்டுப் போவது என்று குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுங்கள். தண்ணீரில் ஆரம்பிக்கலாம், போய்ச் சேரும் இடத்திலேயே பெரும்பாலும் பிடித்துக்கொள்ள முடியும்.