கால்ஹூன் கையெழுத்திட்ட உறையை வாங்கலாமா?

கேள்வி: நாங்கள் அமெரிக்காவில் ரிச்மண்ட் அருகே வசிக்கிறோம். என் கணவருக்கு இந்நாட்டு வரலாறு என்றால் உயிர். அவருடைய அறுபதாம் பிறந்தநாளுக்குப் பரிசளிக்க, முன்னாள் அமெரிக்கத் துணை அதிபர் ஜான் சி. கால்ஹூன் கையெழுத்திட்ட கடித உறை ஒன்றை ஒரு தரகர் காட்டினார். கால்ஹூன் படம் போட்ட ஆரஞ்சு நிற 1 சென்ட் தபால்தலை ஒட்டி, ரிச்மண்ட் முத்திரையும் குத்தியிருக்கிறது. விலை 2,800 டாலர். 300 டாலர் முன்பணம் கொடுத்துவிட்டேன். மீதியைக் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. இதற்குப் பூதக்கண்ணாடி தேவையில்லை, காலண்டர் போதும். கால்ஹூன் இறந்தது 1850 மார்ச் 31. அந்தத் தபால்தலை, பிரிந்துபோன தென் மாநிலங்களின் கூட்டமைப்பு அரசுக்காக 1862இல் லண்டன் டி லா ரூ நிறுவனம் அச்சடித்தது. இறந்து பன்னிரண்டு வருஷம் கழித்துக் கையெழுத்துப் போட்டாரா?

முத்திரையும் பொய்தான். உள்ளூர்க் கடிதக் கட்டணம் 2 சென்ட்டிலிருந்து 1 சென்ட்டாகக் குறையும் என்று நம்பி அந்தத் தலையை அச்சடித்தார்கள். கட்டணம் குறையவில்லை, தலையும் புழக்கத்துக்கு வரவில்லை. ஆகவே முத்திரை விழுந்த ஆரஞ்சுக் கால்ஹூனை யார் காட்டினாலும் நகர்ந்துவிடுங்கள்.

"அமெரிக்க உள்நாட்டுப் போரை நடத்திய தென் மாநிலத் தலைவர்" என்று தரகர் சொல்லியிருப்பார். எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். கால்ஹூன் அந்தப் போரைப் பார்க்கவே இல்லை. தென் கரோலினாக்காரர். போர்த்துறை அமைச்சராக இருந்தார். பிறகு ஜான் குவின்சி ஆடம்ஸ், ஆண்ட்ரூ ஜாக்சன் என்று இரண்டு அதிபர்களிடம் துணை அதிபர். இறக்குமதி வரிச் சண்டையில், மத்தியச் சட்டத்தை ஒரு மாநிலம் செல்லாததாக்கலாம் என்று வாதாடி, 1832 டிசம்பரில் பதவியை உதறிவிட்டு செனட்டுக்குப் போனார். 1837இல் அதே சபையில் அடிமை முறை நன்மையே என்று பேசினார். பிரிந்துபோனவர்கள் தபால்தலையிலும் 100 டாலர் நோட்டிலும் அவர் முகத்தைப் போட்டது சும்மா இல்லை.

சரி, அசல் உறை எப்படி இருக்கும்? அதில் தபால்தலையே இருக்காது. பதவியில் இருந்தவர்களுக்கு இலவச அஞ்சல் உண்டு. ஸ்டாம்ப் ஒட்டும் மூலையில் கையெழுத்து இருக்கும், பக்கத்தில் 'ஃப்ரீ' என்ற சொல் இருக்கும். அவ்வளவுதான்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. இதில்தான் பலர் நல்ல சரக்கைக் கைவிடுகிறார்கள். 1843 மார்ச்சில் அவர் செனட்டை விட்டார். 1844 ஏப்ரலில்தான் வெளியுறவு அமைச்சரானார். இடையில் ஒரு வருஷம் பதவி கிடையாது. அந்தக் காலத்தில் அவர் அனுப்பிய உறையில் 'ஃப்ரீ' இல்லாமல் கட்டணம் கையால் எழுதியிருந்தால், அதற்காகவே போலி என்று தள்ளாதீர்கள். உள்ளே கடிதம் இருந்தால் அதன் தேதியைப் பாருங்கள். தேதி அந்த இடைவெளியில் விழுந்தால், 'ஃப்ரீ' இருப்பதுதான் சந்தேகத்துக்குரியது. பதவி விட்ட உடனே சில வாரம் சலுகை நீடிக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். அமெரிக்காவில் அரசுத் தபால்தலையே 1847 ஜூலையில்தான் வந்தது, அதனால் அந்த இடைவெளிக் காலத்து உறையில் ஸ்டாம்ப் தேடாதீர்கள்.

கையில் திணிக்கும் 'அசல் சான்றிதழ்' பெரும்பாலும் விற்பவரே கணினியில் அடித்தது. தங்க நிற வில்லை ஒட்டியிருந்தால் எனக்குச் சந்தேகம் இரட்டிப்பாகும். அமெரிக்கத் தபால்தலைச் சங்கம் மாதிரி வெளி அமைப்புக்கு அனுப்பிக் கேட்கலாம், தனியே கட்டணம் உண்டு. ஆனால் மாதக்கணக்கில் காத்திருந்து ஒரே வரியில் பதில் வாங்கும் பொறுமை எனக்குப் போய்விட்டது. ஏலத் தளங்களில் புகார் செய்தால் விளம்பரத்தை எடுப்பார்கள். அடுத்த வாரம் அதே உறை வேறு பெயரில் வந்து நிற்கும். யாரும் கேட்பதில்லை.

முன்பணத்தைத் திருப்பிக் கேட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள், போனில் பேசாதீர்கள். கார்டில் கட்டியிருந்தால் இன்றே வங்கியிடம் ஆட்சேபம் தெரிவியுங்கள். பரிசுக்கு முத்திரை விழாத ஆரஞ்சுத் தலை ஒன்றை, முகவரியும் பெயரும் உள்ள கடையில் பில் போட்டு வாங்குங்கள். தரகர் கேட்ட காசில் சிறு பங்குகூட ஆகாது.